உலாத் திருமேனிகளும் ஊர்ப்பெயர்களும்

நுழையும்முன்

கோயிலில் கண்டு வணங்கிய வடிவத்தை அருங்காட்சியகத்தில் காணும்போதும் கைகள் தாமாகக் குவிகின்றன. ஆனால், அங்கே மாலை இல்லை; தீபம் இல்லை; மணியோசை இல்லை. விளக்கொளியும் அமைதியும் ஒரு சிறு பெயர்ப்பலகையும் மட்டுமே உள்ளன. இந்தத் திருமேனி எதற்காக வடிக்கப்பட்டது? எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தது? இதன் ஊர் எது? இம்மூன்று வினாக்களோடு சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்குள் நுழைவோம்.

பாந்தியன் சாலை வளாகம்

கடலோர நகரமான சென்னையின் நடுவே, எழும்பூர்த் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது பாந்தியன் சாலை. மரங்கள் அடர்ந்த அகன்ற வளாகத்தில் செந்நிறக் கட்டடங்கள் பல நிற்கின்றன. இந்தியாவில் கொல்கத்தா அருங்காட்சியகத்தை அடுத்துப் பழமை வாய்ந்தது என்னும் சிறப்பு இவ்வளாகத்திற்கு உண்டு. 1851ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இவ்வருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளராக விளங்கினார். இடம் போதாமையால் 1854இல் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. ஐரோப்பியர் கூடி விருந்தும் நாடகமும் நிகழ்த்திய 'பாந்தியன்' என்னும் பழைய மாளிகையே அதன் புதிய இருப்பிடமாயிற்று. அம்மாளிகையின் பெயரே சாலைக்கும் நிலைத்தது.

தொடக்கத்தில் இங்குச் சேர்ந்தவை பெரும்பாலும் பாறைகளும் கனிமங்களும் உயிரினப் படிவங்களுமே ஆகும். சில ஆண்டுகள் இவ்வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வளர்த்துப் பொதுமக்களுக்குக் காட்டினர். சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கமும் இதுவே. பின்னர்க் கல்வெட்டுகள், சிற்பங்கள், நாணயங்கள், செப்பேடுகள், படைக்கருவிகள் எனத் தொகுப்பு விரிந்தது. 1896இல் கன்னிமாரா பொது நூலகம் இதே வளாகத்தில் திறக்கப்பட்டது. தேசியக் கலைக்கூடக் கட்டடத்திற்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடக்கலை வல்லுநர் ஹென்றி இர்வின் வடிவமைத்த அக்கட்டடம் முகலாயக் கட்டடக் கலையின் வளைவுகளையும் மாடங்களையும் தன்னுள் ஏற்று நிற்கிறது.

இத்தனை செல்வங்களுக்கு இடையிலும் உலகெங்கும் உள்ள கலை அறிஞர்களை எழும்பூருக்கு வரவழைப்பது செப்புத்திருமேனிகள் உள்ள படிமக்கூடமே. பல்லவர், சோழர், விசயநகர வேந்தர் காலங்களைச் சேர்ந்த உலோகப் படிமங்கள் அங்கு அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுள்ளும் 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான சோழர் காலப் படிமங்கள் தனிச்சிறப்பு உடையவை.

நடமாடும் தெய்வங்கள்

தமிழ்நாட்டுக் கோயில்களில் இருவகைத் திருவுருவங்கள் உண்டு. கருவறையில் கல்லாக நிலைபெற்றிருப்பவர் மூலவர். விழா நாள்களில் வீதிக்கு எழுந்தருள்பவர் உற்சவர். மூலவரைக் காண மக்கள் கோயிலுக்குச் செல்ல வேண்டும். உற்சவரோ மக்களைக் காணத் தாமே வருகிறார். நடக்க இயலாத முதியவரும், கோயிலுக்குள் செல்ல உரிமை மறுக்கப்பட்டிருந்தவரும் கடவுளைக் கண்ட இடம் வீதியே. தோளில் சுமந்து செல்லவும் தேரிலும் ஊர்தியிலும் ஏற்றிப் பிணைக்கவும் உலோகத் திருமேனியே ஏற்றதாக இருந்தது. ஆகவே, இவை 'உலாத் திருமேனிகள்' எனப்பட்டன.

இதற்கான சான்று திருமேனியிலேயே உள்ளது. படிமக்கூடத்தில் முகத்தை மட்டும் கண்டு நகர்ந்துவிடாமல், சற்றே குனிந்து பீடத்தை நோக்க வேண்டும். பீடத்தின் பக்கங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். தண்டுகளைச் செருகவும் கயிற்றால் பிணைக்கவும் அமைந்தவை அவை. பீடத்தின் இருபுறமும் மேல்நோக்கி நிற்கும் முளைகள் திருவாசியைப் பொருத்துவதற்கு உரியவை. சில திருமேனிகளில் மூக்கும் கன்னமும் கூர்மை இழந்து வழுவழுப்பாக இருக்கும். பன்னூறு ஆண்டுகள் பாலும் சந்தனமும் நீரும் கொண்டு திருமுழுக்குச் செய்த கைகள் தேய்த்த தேய்மானம் அது. உலோகத்தின் மேல் பதிந்துவிட்ட வழிபாட்டு வரலாறு என அதனைக் கூறலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கலைஞர் வடித்த உடலழகை விழாவில் நின்ற மக்கள் முழுமையாகக் கண்டதில்லை. பட்டும் மாலையும் அணிகலன்களும் திருமேனியை மூடியிருந்தன. முகமும் கைகளும் பாதங்களுமே வெளியே தெரிந்தன. இடையின் வளைவையும் முதுகின் தசைநுட்பத்தையும் இன்று நாம் அருங்காட்சியகத்தில்தான் காண்கிறோம். ஆக, எழும்பூரில் நமக்குக் கிடைப்பது அன்றைய மக்களுக்குக் கிடைக்காத காட்சி. நாம் இழந்திருப்பது அவர்களுக்குக் கிடைத்த உலா.

மெழுகில் பிறந்து செம்பில் நிலைப்பது

செப்புத்திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவாயின. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இம்முறை இன்றும் வாழ்ந்துவருகிறது. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிக் கலந்து உருவாக்கிய கலவையால் முதலில் முழு உருவமும் செய்யப்படும். உறுப்புகளின் அளவைத் தென்னை ஓலை நறுக்கில் மடிப்புகளாகக் குறித்துக்கொள்வர். தாளம் என்னும் அளவைமுறைப்படி, எத்தெய்வத்திற்கு எத்தனைப் பகுதி உயரம், முகத்திற்கு எவ்வளவு, மார்புக்கு எவ்வளவு என்பவை வரையறுக்கப்பட்டுள்ளன.

மெழுகு உருவின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசுவர். அம்மண்ணே உருவின் ஒவ்வொரு கோட்டையும் உள்வாங்கிக்கொள்வதாகும். அது நிழலில் உலர்ந்தபின் சற்றுப் பருமனான மண்ணை அடுத்தடுத்துப் பூசி, இரும்புக் கம்பியால் கட்டி வலுவூட்டுவர். இவ்வாறு உருவான வார்ப்புக்கூட்டைச் சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. உள்ளே தெய்வத்தின் வடிவில் ஒரு வெற்றிடம் எஞ்சுகிறது. அவ்வெற்றிடத்தில், செம்பை மிகுதியாகவும் வெள்ளீயம், காரீயம் முதலியவற்றைச் சிறிதளவாகவும் கொண்ட உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்கூட்டை உடைத்தால் திருமேனி வெளிப்படும்.

மெழுகும் அழிந்துவிட்டது, கூடும் உடைந்துவிட்டது. எனவே, அதே வார்ப்பிலிருந்து மற்றொரு திருமேனி பிறக்க வழியில்லை. ஒவ்வொரு செப்புத்திருமேனியும் தனக்கு நிகரான படியற்ற ஒற்றைப் படைப்பு. ஒன்று தொலைந்தால் அது தொலைந்ததுதான். அதன் இடத்தில் வைப்பதற்கு வேறொன்று இல்லை.

தெரிந்து தெளிவோம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அலுவலர்களும் அளித்த செப்புத்திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. பாதம் முதல் முடிவரை உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கைகள் எத்தனை, உள்ளீடு நிறைந்த கனமான வார்ப்பா, உட்புழையுள்ள பொள்ளலான வார்ப்பா, பீடமும் திருவாசியும் உடன் உள்ளனவா என்பன வரை அவை பதிவு செய்கின்றன. அவ்வாறு பதிவான அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று அங்கு இல்லை. கல்லில் பொறித்த பதிவு மட்டும் நிலைத்திருக்கிறது.

காணும் முறை

படிமக்கூடத்தில் அனைத்தையும் ஒரே நாளில் கண்டுவிட விரைவது பயன் தராது. மூன்று திருமேனிகளின் முன் சற்று நின்று பார்த்தாலே காணும் முறை கைவந்துவிடும்.

முதலாவது, திருவாலங்காட்டு நடராசர். பொதுவாக நடராசர் திருமேனியில் சுடர்விடும் திருவாசியையும் இருபுறமும் பறக்கும் சடையையும் காண்கிறோம். இத்திருமேனியில் இரண்டும் இல்லை. ஆயினும், ஆடலின் விரைவு சிறிதும் குறையவில்லை. மேலெழுந்த இடக்கால், முயலகன்மேல் ஊன்றிய வலக்கால், உடலின் குறுக்கே நீண்ட இடக்கை ஆகியவற்றால் இயக்கம் முழுவதும் உடலிலேயே நிகழ்கிறது. முகமோ அசைவற்ற அமைதியில் உள்ளது. அவ்வளவு விரைந்த ஆட்டத்திலும் கலங்காத முகம் என்பதே சிற்பி சொல்ல வந்த செய்தி. முன்புறம் நின்று கண்டபின் பக்கவாட்டிலிருந்தும் இதனைக் காண வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் உலோகத்தின் சமநிலை அப்போதுதான் புலப்படும்.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வலப்பாகம் சிவன், இடப்பாகம் உமை. வலப்பக்கம் இரண்டு கைகள். இடப்பக்கம் ஒரு கை. வலக்காலில் ஆடை தொடையளவில் நிற்கிறது. இடக்காலில் கணுக்கால்வரை நீள்கிறது. வலத்தோள் அகன்றும் இடப்புற இடை வளைந்தும் உள்ளன. இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவே, இரண்டையும் ஒட்டிவைத்த தையல் எங்கே என்று தேடினால் கண்டறிய இயலாது. இருவர் ஓருடலில் இணைந்தனர் என்னும் கருத்தைச் சொல்லின்றி உணர்த்தும் படைப்பு இது.

மூன்றாவது, வடக்குப்பனையூரில் கிடைத்த இராமர், சீதை, இலக்குவன், அனுமன் திருமேனிகள். இராமரின் இடக்கை உயர்ந்து எதையோ பற்றியிருப்பதுபோல் உள்ளது. கையில் ஒன்றும் இல்லை. விழாக்காலத்தில் வில்லைத் தனியே பொருத்துவதற்காக அமைந்த கை அது. இல்லாத வில்லை நம் கண் தானாக வரைந்துகொள்கிறது. நான்கு திருமேனிகளையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தால் இக்காட்சி உருவாகாது. இராமரை நோக்கிய அனுமனின் பணிவுக்கு இராமர் எதிரே நின்றால்தான் பொருள் உண்டு.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டுச் சிற்பி அகுஸ்த் ரோதான், திருவாலங்காட்டு நடராசரின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1921இல் அது அச்சில் வெளிவந்தது. நேரில் காணாமல், ஒளிப்படங்களின் வழியாகவே ஒரு சிற்பத்தின் உயிர்ப்பை உணர்ந்து பாராட்டிய எழுத்து அது.

மண்ணுக்குள் இருந்த காலம்

கோயிலில் இருக்க வேண்டிய திருமேனிகள் அருங்காட்சியகத்திற்கு எவ்வாறு வந்தன? அவற்றுள் பல, கோயிலிலிருந்து நேரே வரவில்லை; மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1311இல் மாலிக்காபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. அதன் பின்னரும் போர்கள் தொடர்ந்தன. அக்காலங்களில் திருமேனிகளைக் காக்கும்பொருட்டு ஊரார் கோயில் வளாகத்திலும் நிலவறைகளிலும் வயல்களிலும் குழிதோண்டி மணல் பரப்பிப் புதைத்தனர். அமைதி திரும்பியபின் சில மீட்கப்பட்டன. புதைத்தவர் மறைந்தும் இடம் மறந்தும் போனவை மண்ணிலேயே தங்கிவிட்டன. பின்னாளில் உழவர் ஏர் ஓட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், கோயில் திருப்பணியின்போதும் அவை வெளிப்பட்டன. விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987இல் திருப்பணி நடந்தபோது செப்புத்திருமேனிகளும் செப்பேடுகளும் கிடைத்தமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எப்பொருள் மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. அதன்வழியாகவே எழும்பூரின் தொகுப்பு பெருமளவு வளர்ந்தது. இச்சட்டத்தின் பயன் திருமேனி கிடைத்தது என்பதோடு நிற்கவில்லை. எவ்வூரில், எந்த இடத்தில், எவற்றுடன் சேர்ந்து கிடைத்தது என்னும் செய்தியும் பதிவேட்டில் ஏறியது. பெயர்ப்பலகையில் நாம் இன்று காணும் ஊர்ப்பெயர் அப்பதிவேட்டின் கொடை.

மண்ணிலிருந்து வெளிவந்த திருமேனிக்கு உடனே ஓர் இடர் காத்திருக்கிறது. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு உலோகத்திற்குள் ஊடுருவியிருக்கும். வெளிக்காற்றின் ஈரமும் உயிர்வளியும் பட்டவுடன் அது வினைபுரிந்து, வெளிர்பச்சை நிறப் பொடியாகத் திருமேனியை அரிக்கத் தொடங்கும். வேதியியலார் இதனை 'வெண்கல நோய்' என்பர். உப்புக்காற்று வீசும் கடலோர நகரத்தில் இந்நோயைக் குறித்த கவனம் மேலும் தேவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைக்கப்பட்டது. மின்பகுப்பு முறையில் குளோரைடை வெளியேற்றி, அரிப்பை நிறுத்தும் பணி அங்கு நிகழ்ந்தது. நோய்க்கு மருத்துவம் செய்வதுபோல உலோகத்துக்கும் மருத்துவம் செய்தனர். அருங்காட்சியகம் காட்சிக்கூடமாக மட்டுமன்றி மருத்துவமனையாகவும் விளங்குவதற்கு இது சான்றாகும்.

நாகைக் கடற்கரையின் புத்தர்

செப்புத்திருமேனி என்றவுடன் சைவ, வைணவ உருவங்களே நினைவுக்கு வருகின்றன. எழும்பூர்த் தொகுப்பு அந்நினைவைத் திருத்துகிறது. 1856ஆம் ஆண்டு தொடங்கி 1930களின் நடுப்பகுதிவரை நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுள் பல இவ்வருங்காட்சியகத்தில் உள்ளன. தலைமேல் சுடர் எழ நிற்கும் புத்தரின் வடிவம் இவற்றில் அடிக்கடி காணப்படுகிறது.

சோழநாட்டுக் கடற்கரையில் இத்தனைப் புத்தர்கள் எவ்வாறு தோன்றினர்? விடை கடலில் இருக்கிறது. நாகப்பட்டினம் தென்கிழக்காசியாவோடும் சீனத்தோடும் வணிகம் செய்த துறைமுகம். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய வேந்தன் அங்கு ஒரு பௌத்தப் பள்ளியை எழுப்பினான். தன் தந்தையின் பெயரால் அதனைச் சூடாமணி விகாரம் என வழங்கினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ அரசு கொடையாக அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. சைவ அரசன் ஒருவன், கடல்கடந்த பௌத்த அரசன் கட்டிய பள்ளிக்கு ஊரைக் கொடையளித்த வரலாற்றை அப்புத்தத் திருமேனிகள் நமக்கு உணர்த்துகின்றன.

சில புத்தர் பீடங்களில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாகையில் உருவாகி இன்று நியூயார்க் நகரில் உள்ள ஒரு புத்தர் திருமேனியின் பீடம், அது இராசேந்திர சோழப் பெரும்பள்ளிக்கு உரிய உலாத் திருமேனி என்பதையும், அதனை எழுந்தருளச் செய்தவரின் பெயரையும் கூறுகிறது. புத்தரும் நாகை வீதியில் உலா வந்தார் என்பது இதனால் விளங்குகிறது. கடல்கடந்து சென்றபோதும் தன் ஊரை மறக்காமல் அத்திருமேனி நிற்கக் காரணம், ஊர்ச்செய்தியைத் தன் உடலிலேயே தாங்கியிருப்பதுதான். எல்லாத் திருமேனிகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

ஊர்ப்பெயரின் வலிமை

பொருள் இருந்தும் இடம் பதிவாகாமல் போனால் என்ன நேரும் என்பதை இதே வளாகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்கள் காட்டுகின்றன. கிருட்டிணை ஆற்றங்கரையில், இன்றைய ஆந்திரத்தில், பெருந்தூபியை அணிசெய்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பலகைகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி 1859இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் நிகழ்ந்த அகழ்வுகளின் பலகைகள் சென்னையில் தங்கின. ஒவ்வொரு பலகையும் தூபியின் எந்தப் பக்கத்தில், எதனை அடுத்து இருந்தது என்பது தொடக்க அகழ்வுகளில் முறையாகக் குறிக்கப்படவில்லை. பலகைகள் பிழைத்தன, தூபியின் முழுவடிவத்தை ஊகித்தே அறியவேண்டிய நிலை ஏற்பட்டது.

பதிவு இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நடராசர்களின் வரலாறு சான்றாகும்.

1976இல் பத்தூர் என்னும் சிற்றூரில், பாழடைந்த சிவன்கோயிலருகே தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டியபோது நடராசர் திருமேனி ஒன்று வெளிப்பட்டது. அது ஆட்சியரிடம் செல்லவில்லை. கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தது. 1982இல் அங்குக் காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர். தாங்கள் விலைகொடுத்து வாங்கியது என ஒரு வெளிநாட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கோயிலும் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் உரிமை கோரின. அது பத்தூரின் திருமேனிதான் என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு அதன் கலைப்பாங்கு ஒப்பிடப்பட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடங்களும் ஆராயப்பட்டன. சட்டத்தின் முன் கோயிலும் ஓர் ஆளே என்னும் இந்தியக் கோட்பாட்டை ஏற்று, வழிபாடின்றிக் கிடந்த அச்சிறு கோயிலின் உரிமையை இங்கிலாந்து நீதிமன்றம் 1988இல் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைபெற்றது. 1991இல் திருமேனி தாயகம் திரும்பியது. பத்தூரின் மண்ணே அங்குச் சான்று கூறியது.

இரண்டாவது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர். 2006இல் களவு போன அத்திருமேனியை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் இயற்றப்பட்ட 1972ஆம் ஆண்டுக்கு முன்பே அது இந்தியாவைவிட்டு வெளியேறியது எனப் போலி ஆவணங்கள் காட்டின. அப்பொய்யை உடைத்தது ஒளிப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து ஆவணப்படுத்தி வந்தது. அந்நடராசர் 1994இல் ஸ்ரீபுரந்தானில் இருந்ததை அந்நிறுவனத்தின் படம் காட்டியது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருஞ்செலவில் விலைபேசப்பட்ட திருமேனியை மீட்டுத்தந்தது, ஆண்டும் ஊரும் குறிக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளை ஆவணத் தொகுப்பின் மரபு.

திரும்பிய பின்

மீட்கப்பட்ட திருமேனிகள் எங்கே இருக்க வேண்டும் என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. கோயிலுக்கே திரும்பி மீண்டும் வழிபாடு பெற வேண்டும் என்பது ஊராரின் விருப்பம். அதில் நியாயம் உண்டு. உலாவுக்காகப் பிறந்த திருமேனிக்கு வீதியே உரிய இடம். மறுபுறம், காவலற்ற சிறு கோயிலில் வைத்தால் மீண்டும் களவு போகலாம் என்னும் அச்சமும் மெய்யானதே. ஆகையால், தமிழ்நாட்டில் பல ஊர்க்கோயில்களின் உலாத் திருமேனிகள் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. விழா நாளில் ஊருக்கு எழுந்தருளிப் பின் மையத்திற்கே திரும்புகின்ற திருமேனிகளும் உண்டு.

களவைத் தடுக்கத் தமிழ்நாடு காவல்துறையில் 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு செயற்பட்டு வருகிறது. எனினும், காவலரால் மட்டும் ஆயிரக்கணக்கான கோயில்களைக் காக்க இயலாது. தம் ஊர்க் கோயிலில் எத்தனைத் திருமேனிகள் உள்ளன, அவற்றின் பெயர் என்ன, உயரம் என்ன என்பதை ஊரார் அறிந்திருப்பதே முதற்காவல். காணாமற்போனதை அறியவே பல ஆண்டுகள் ஆகும் ஊரில், மீட்பதற்கான வழக்கு தொடங்குவதற்குள் காலம் கடந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த பணியை, இன்று ஓர் ஏடும் ஓர் ஒளிப்படமும் செய்ய முடியும்.

எழும்பூர்ப் படிமக்கூடத்திலிருந்து வெளியேறும் முன், மீண்டும் ஒருமுறை பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே நடப்பது நல்லது. திருவாலங்காடு, திருவெண்காடு, வடக்குப்பனையூர், நாகப்பட்டினம் எனச் சிற்றூர்களும் பட்டினங்களும் வரிசையாக வருகின்றன. அழகு, ஒரு திருமேனியைக் காண்பவர் கண்ணில் நிறுத்துகிறது. ஊர்ப்பெயரோ அதனை அதற்குரிய மக்களோடு பிணைத்து நிறுத்துகிறது. அப்பிணைப்பு அறுந்த திருமேனி எவரும் விலைபேசக்கூடிய சரக்காகிவிடுகிறது. ஆகவே, திருமேனியின் முகத்தைக் கண்டு வியக்கும் கண், பீடத்தின் கீழ் எழுதப்பட்டுள்ள ஊரின் பெயரையும் தவறாமல் படித்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உம் ஊர்க் கோயிலில் உள்ள உலாத் திருமேனிகளின் பெயர்களையும், அவை எந்தெந்த விழாவில் எழுந்தருள்கின்றன என்பதையும் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.

2. அருகிலுள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்று, ஏதேனும் ஒரு திருமேனியின் முகம், கைகள், ஆடை, பீடம், பெயர்ப்பலகை ஆகியவற்றை உற்றுநோக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'மீட்கப்பட்ட திருமேனி இருக்கவேண்டிய இடம் கோயிலா, பாதுகாப்பு மையமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.